ராக்கியண்ணன் முதுகில் அம்புக்குறி

கோயம்புத்தூரில் ஒரு பூங்காவை ஒட்டி, மூடிக் கிடக்கும் பஞ்சாலை ஒன்று இருக்கிறது. அங்கே தினமும் காலையில் நாலு பேர் ஓடுவார்கள். நாலு பேருக்கும் கால் நன்றாக வேலை செய்தது. மற்றதைப் பற்றி நான் சொல்ல வேண்டாம், நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

தலைவர் சென்னியப்பன், மோட்டார் பம்பு பழுது பார்ப்பவர். யோசனை சொல்பவர் நஞ்சுண்டன், ஜெராக்ஸ் கடைக்காரர். எதையும் இரண்டு காப்பி எடுத்துவிட்டுத்தான் நம்புவார். மூன்றாவது மயிலாத்தாள். மில் ஓடிய காலத்தில் அங்கேயே நூல் சுற்றும் பிரிவில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவர். நாலாவது ராக்கியண்ணன். நாலு பேரில் வேகமாக ஓடுகிறவர் அவர்தான். சொன்னதைச் சொன்னபடி செய்வார், அதுதான் அவரிடம் உள்ள ஒரே குறை.

ஒருநாள் பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் கலைமதி வந்தார். மில் இடத்தில் புதரும் பாழும் அதிகம், யாராவது வழி தவறி உள்ளே மாட்டிக்கொண்டால் பொறுப்பு தன் தலையில் விழும், அதனால் பூங்காப் பக்கத்து கேட்டைப் பூட்டப்போகிறேன் என்றார்.

மயிலாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஒருக்கா மூடுனப்பவே இந்த கேட்டு முன்னால நின்னு அழுதவ நானு. ரெண்டாவது வாட்டி மூடுனா எனக்குத் தாங்காதுங்க மேடம்."

கலைமதி இளகிய மனசுக்காரர். "சரிங்க. அஞ்சு கிலோமீட்டருக்கு ஒரு ஓட்டப்பாதை போடுங்க. வழிக்குறி ஓடறவங்க கண்ணுல படற இடத்துல இருக்கணும். ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு நானே வந்து ஓடறேன். யாரையும் வழி கேக்காம நான் சுத்தி வந்துட்டா கேட்டு திறந்தே இருக்கட்டும். இல்லைன்னா அன்னைக்கே பூட்டிருவேன்."

தெளிவாகத்தான் சொன்னார். சொன்ன இடம்தான் சரியில்லை.

மறுநாளே அளக்கத் தொடங்கினார்கள். நாலு பேரும் கையில் போனைப் பிடித்துக்கொண்டு கேட்டிலிருந்து புறப்பட்டு, புகைபோக்கியைச் சுற்றி, பஞ்சுக் கிடங்கைத் தாண்டி, கொதிகலன் அறை வழியாகக் கேட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொரு போனும் ஒன்றேகால் கிலோமீட்டர் காட்டியது. நஞ்சுண்டன் நாலையும் கூட்டினார்.

"சரியா அஞ்சுங்க," என்றார்.

சென்னியப்பன் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "ஒரு அடி கூடலை, ஒரு அடி குறையலை பாத்தீங்களா!"

அடுத்தது வழிக்குறி. ஓடுகிறவர் கண் எங்கே படுகிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டுமல்லவா? இரண்டு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு, புகைபோக்கி அடியில் உட்கார்ந்து பேசினார்கள்.

"அம்மிணி, ஓடறப்ப உங்க கண்ணு எங்க போச்சு?" என்று கேட்டார் சென்னியப்பன்.

"உங்க முதுகுலதானுங்ண்ணா. வேற என்ன தெரியுது?"

"எனக்கு ராக்கியண்ணன் முதுகு தெரிஞ்சுது. நஞ்சுண்டா, உனக்கு?"

"அம்மிணி முதுகுங்க. மரத்துல, செவுத்துல ஒட்டுனா யாரும் பாக்கமாட்டாங்க. முன்னால ஓடறவர் முதுகுலதான் ஒட்டோணும்."

ராக்கியண்ணன் மெதுவாகக் கேட்டார். "என்ற முதுகு எனக்குத் தெரியாதுங்களே, நான் எதைப் பாத்து ஓடறது?"

"உனக்குத்தான் வழி தெரியுமே!" என்றார் சென்னியப்பன். பேச்சு அதோடு முடிந்தது.

நஞ்சுண்டன் தன் கடையில் பெரிய சிவப்பு அம்புக்குறி ஒன்றை அச்சடித்து, மழையில் நனையாதபடி லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்தார். அம்பின் தலை மேலே பார்த்தபடி ராக்கியண்ணன் பனியனில் ஊக்குக் குத்தினார்கள். அவர் தலை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் வழி.

மூன்றாவது நிபந்தனைதான் சென்னியப்பனைத் தூங்கவிடவில்லை. மேடம் யாரையும் வழி கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால்? அவர் வாயை நாம் பொத்த முடியுமா?

"ஆளு இருந்தாத்தானுங்க கேப்பாங்க," என்றார் நஞ்சுண்டன். "ஆளே இல்லைன்னா?"

இவ்வளவு பெரிய யோசனை அந்த மில் இடத்தில் அதற்கு முன் யாருக்கும் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே கேட்டுக் காவலாளி பொன்னுரங்கத்தைத் தெருக்கோடி டீக்கடைக்கு அனுப்பினார்கள். நடக்க வந்த இரண்டு பேரைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பினார்கள். உள்ளே ஏழெட்டு ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"ஆடுங்களை என்ன பண்றதுங்ண்ணா?"

சென்னியப்பன் நெடுநேரம் யோசித்தார். "ஆட்டுகிட்ட வழி கேப்பாங்களா?"

"கேட்டாலும் அதுங்க சொல்லாதுங்க."

"அப்ப இருக்கட்டும்."

மிச்சமிருந்தவர் ராக்கியண்ணன். அவர்தான் வழிக்குறி, அவரை வெளியே அனுப்ப முடியாது. ஆனால் அவருக்கும் காது இருக்கிறதே, மேடம் கேட்டுவிட்டால்? மயிலாத்தாள்தான் வழி சொன்னார். மில் ஓடிய நாளில் எந்திரச் சத்தம் தாங்காமல் எல்லோரும் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள், வீட்டில் ஒருவர் கத்தினாலும் மறுநாள்வரை கேட்காது. பஞ்சை உருட்டி ராக்கியண்ணன் காதில் அடைப்பதற்கு முன் சென்னியப்பன் கடைசி உத்தரவு கொடுத்தார்.

"முன்னாலயே ஓடு. மேடம் 'நில்லு'ன்னு சொல்ற வரைக்கும் நிக்காதே."

"சரிங்க," என்றார் ராக்கியண்ணன். பிறகு பஞ்சை வைத்தார்கள்.

ஆறு மணிக்கு கலைமதி வந்தார். அஞ்சு கிலோமீட்டர் சரியாக இருக்கிறதா என்று கேட்டார்.

"நாலு பேர் ஓடுனா அஞ்சுங்க மேடம். நீங்க ஒருத்தர், ஒண்ணேகால் போதும்," என்றார் நஞ்சுண்டன்.

 கலைமதி, நாலு சுற்று வருவதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஷூ நாடாவை இறுக்கினார். ராக்கியண்ணன் புறப்பட்டார். மற்ற மூவரும் கொதிகலன் அறைக்குள் போய் ஒளிந்துகொண்டார்கள்.

புகைபோக்கிவரை எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. அதற்குப் பிறகு வழிக்குறி கொஞ்சம் வேகமாகப் போய்விட்டது. பஞ்சுக் கிடங்கு அருகே கலைமதி வந்தபோது மூன்று ஒற்றையடிப் பாதைகள் இருந்தன, அம்புக்குறி ஒன்றிலும் இல்லை. அவர் நடுப்பாதையில் போனார். அது சீமைக்கருவேலம் புதருக்குள் கொண்டுபோய் விட்டது.

சற்று நேரத்தில் அவர் குரல் கேட்டது. "யாராச்சும் இருக்கீங்களா?"

கொதிகலன் அறையில் ஆலோசனை நடந்தது.

"வழி கேக்கறாங்களா?" என்றார் சென்னியப்பன் பதறி.

"இல்லீங்க. ஆளு இருக்குதான்னுதான் கேக்கறாங்க. அது வேற கேள்வி."

"பாவம்ங்ண்ணா, பதில் சொல்லிரலாமா?" என்றார் மயிலாத்தாள்.

"ஆளு இருக்குதுன்னு சொன்னா அடுத்ததா வழிதான் கேப்பாங்க அம்மிணி. நம்ம கேட்டு கையை விட்டுப் போயிரும். வாயை மூடிட்டு இருங்க," என்றார் சென்னியப்பன்.

மயிலாத்தாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து, வயிறு நிறைந்த ஆடுகள் வரிசையாகக் கேட்டை நோக்கிக் கிளம்பின. அவற்றின் பின்னால் கலைமதி வந்தார். தலையில் சருகு, முழங்கையில் கீறல், ஒரு காலில் மட்டும் ஷூ. மூவரும் ஓடிவந்து கைதட்டினார்கள்.

"யாரையும் வழி கேக்காமயே வந்துட்டீங்க மேடம்!"

"கேக்க ஒரு ஆளாவது இருந்தாத்தானே!" என்று கத்தினார் கலைமதி. "பொன்னுரங்கம்! கேட்டைப் பூட்டுங்க!"

மயிலாத்தாள் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சத்தமாகவே அழுதார். டீக்கடையிலிருந்து வந்த பொன்னுரங்கம் பூட்டோடு நின்றார், ஆனால் பூட்டவில்லை. கேட்டில் மில் காலத்துப் பலகை ஒன்று துரு ஏறித் தொங்கியது. 'உள்ளே ஆள் இருக்கும்போது பூட்டக் கூடாது' என்று அதில் எழுதியிருந்தது.

"உள்ள ஒரு ஆளு ஓடிட்டிருக்குதுங்களே," என்றார்.

அப்போது ராக்கியண்ணன் கேட்டருகே வந்தார். மேடத்தைப் பார்த்தார், மரியாதையாகக் கும்பிட்டார், அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்.

"நில்லுங்க!" என்றார் கலைமதி. "நில்லுங்க சார்!" என்று பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார். பஞ்சு நல்ல பஞ்சு. பொன்னுரங்கமும் துரத்திப் பார்த்தார். வேகமாக ஓடுகிறவர் என்றுதானே அவரை முன்னால் விட்டிருந்தார்கள்! பத்து மணிவரை காத்திருந்துவிட்டு, நாளைக்கு வந்து பூட்டிக்கொள்கிறேன் என்று கலைமதி கிளம்பிப் போனார்.

மறுநாளும் ராக்கியண்ணன் ஓடிக்கொண்டிருந்தார். அதற்கு மறுநாளும். அவர் மனைவி தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்து, கூடவே ஓடி ஊட்டிவிட்டுப் போவார். பஞ்சை எடுத்துவிட்டு நிற்கச் சொல்லியும் பார்த்தார். "நீ சொன்னா எப்படி? மேடம்தானே சொல்லோணும்," என்றாராம் ராக்கியண்ணன். வீட்டிலேயே மனைவி சொல்லை மட்டும் அவர் கேட்டதில்லை. பஞ்சைத் திரும்ப வைத்துக்கொண்டு ஓடினார். அந்த அம்மாளுக்கு மூட்டுவலி போனதுதான் மிச்சம்.

இதற்குள் கலைமதிக்குத் திருநெல்வேலிக்கு மாற்றல் வந்துவிட்டது. நல்ல மனுஷி, போன இடத்திலும் அவருக்கு நிம்மதியில்லை. ஒருநாள் தபாலில் ராக்கியண்ணனுக்கு அவருடைய உத்தரவு வந்தது. பெரிய எழுத்தில் 'உடனே நிற்கவும்' என்று எழுதி, கீழே கையெழுத்தும் முத்திரையும் போட்டிருந்தார்.

மூவரும் புகைபோக்கி அடியில் கூடினார்கள். மயிலாத்தாள் தாளைத் தொடவே இல்லை.

"இதை ஒட்டுனா ராக்கியண்ணன் நின்னுருவார். அவர் நின்னா கேட்டைப் பூட்டிருவாங்க."

"உத்தரவு அம்மிணி. மீற முடியாது," என்றார் சென்னியப்பன்.

நஞ்சுண்டன் அதை நாலு மடங்கு பெரிதாக்கி, லேமினேஷன் போட்டுக் கொண்டுவந்தார். எங்கே ஒட்டுவது என்று மட்டும் பேச வேண்டியிருந்தது.

"மேடம் அன்னைக்கே சொல்லிட்டாங்களே," என்றார் சென்னியப்பன். "ஓடறவங்க கண்ணுல படற இடத்துல."

"அப்படீன்னா முதுகுலதானுங்க."

"மில்லுக்குள்ள இப்ப எத்தனை முதுகு ஓடுது?"

"ஒண்ணே ஒண்ணுதானுங்க."

சோற்றுக்காக ராக்கியண்ணன் வேகத்தைக் குறைத்த நேரம் பார்த்து, மயிலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பின்னால் ஓடி, அம்புக்குறிக்குக் கீழே அந்த உத்தரவை ஊக்குக் குத்திவிட்டு வந்தார்.

இப்போதும் காலையில் அந்தக் கேட்டு திறந்துதான் இருக்கிறது. எங்கெங்கிருந்தோ ஓடுவதற்கு ஆட்கள் வருகிறார்கள். ராக்கியண்ணன் பின்னால் பத்தடி ஓடுகிறார்கள், முதுகைப் படிக்கிறார்கள், முத்திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிடுகிறார்கள். ராக்கியண்ணன் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறார்.