ஒரு கிள்ளு குறைவாக

"கோச், நான் என்னங்க தப்பு பண்றேன்?"

கேட்டவர் தணிகாசலம். பல் மருத்துவர். நாற்பதைத் தாண்டியவர்.

கேட்கப்பட்டவர் சலோமி. அவரைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆனாலும் குரு. சிங்காநல்லூரில், ஒரு காலத்தில் பஞ்சு மூட்டை அடுக்கியிருந்த கிடங்கில், நல்ல உத்தியோகத்தில் இருப்பவர்களைக் கயிறு ஏற வைப்பார், இரும்பு தூக்க வைப்பார், லாரி டயரைப் புரட்ட வைப்பார். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சு விட நேரம் தராமல்.

"பாதியில விழுந்துடறீங்க," என்றார் சலோமி.

"அது எனக்கே தெரியுது. ஏன் விழறேன்?"

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

தணிகாசலம் ஒப்பித்தார். கோழி நெஞ்சுக்கறி இத்தனை கிராம். புரோக்கோலி இத்தனை கிராம். பாதாம் இத்தனை. ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

"நல்லா இருந்துச்சா?"

"எது?"

"சாப்பாடு."

தணிகாசலம் யோசித்தார். சாப்பாட்டுக் கணக்கு எழுத அவர் போனில் வைத்திருந்த ஆப்பில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

*

ஞாயிற்றுக்கிழமை போட்டி. மூவர் அணி. தணிகாசலம், மென்பொருள் வேலை பார்க்கும் உமர், போலீஸ்காரர் நாச்சியார். ஒருவர் விழுந்தாலும் மூவரும் வெளியே.

இந்தப் பேச்சுக்கு முந்தின நாளே உமர் கோச்சிடம் வந்துவிட்டான்.

"டாக்டர் தங்கமான மனுஷன் கோச். அதுல சந்தேகமே இல்ல. ஆனா வேற ஆள் பாருங்க."

பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்குள் தன்னை மாற்றிவிடலாம் என்று தணிகாசலத்துக்கும் தெரியும். இரவும் பகலும் அதே நினைப்பு. அதனால் சாப்பாட்டை இன்னும் கண்டிப்பாக எடைபோட்டுக்கொண்டிருந்தார்.

*

"தராசு இருக்கா?" என்றார் சலோமி.

பையிலேயே இருந்தது. உள்ளங்கை அகலத் தராசு. பயணத்துக்கென்று தனியாக வாங்கியது.

"டப்பால இருக்கறதை நிறுத்துக் காட்டுங்க."

தணிகாசலம் கறித்துண்டுகளை வைத்தார். எண் வந்தது. சரியாக இருந்தது. பிறகு, பழக்க தோஷத்தில், ஒரு துண்டின் முனையைக் கிள்ளி எடுத்துவிட்டார்.

"அது எதுக்கு?"

"ஒரு பாதுகாப்புக்கு."

"யாருகிட்டயிருந்து?"

தணிகாசலம் கிள்ளிய துணுக்கைக் காகிதத்தில் மடித்தார்.

"எனக்கு ஒரு துண்டு தாங்க," என்று சலோமி கையை நீட்டினார்.

தணிகாசலம் டப்பாவைப் பின்னால் இழுத்தார். வேண்டுமென்று இல்லை. கை தானாக இழுத்தது. இழுத்த பிறகுதான் அவரே பார்த்தார்.

"ஐயோ கோச், எடுத்துக்குங்க. அது கணக்குல இருக்கேன்னு..."

"பரவாயில்லை," என்றார் சலோமி. "போட்டி வரைக்கும் டப்பா கொண்டுவராதீங்க. பயிற்சி முடிஞ்சதும் கையை நீட்டுங்க. கொடுக்கறதைச் சாப்பிடுங்க. எவ்வளவுன்னு கேக்கக்கூடாது."

"வீட்டுல?"

"வீட்டுலயும்தான். உங்க வீட்டுல இருக்கவங்களுக்குக் கை இருக்குல்ல?"

"எனக்குத் தேவையானது கிடைக்கலன்னா?"

"நன்றி சொல்லுங்க."

"கிடைச்சா?"

"அப்பவும்."

சலோமி தராசிலிருந்து பேட்டரியைக் கழற்றி, சுவர்க் கடிகாரத்தில் போட்டார். அது நின்று பல நாள் ஆகியிருந்தது.

பழைய துறவிகள் ஓடு ஏந்தித் திரிந்தது பற்றி ஏராளமாக எழுதப்பட்டிருக்கிறது. ஓட்டில் விழுந்த சோறு எத்தனை கிராம் என்று மட்டும் எவரும் எழுதவில்லை. உரையாசிரியர்களின் கவனக்குறைவாக இருக்கலாம்.

*

அந்தக் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. பயிற்சி முடிந்ததும் எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அவரவர் டப்பாவை அவரவர் சாப்பிடுவார்கள். ஒருவர் அரிசியைத் தொடமாட்டார். ஒருவர் பாலைத் தொடமாட்டார். ஒருவர் சூரியன் உச்சிக்கு வரும்வரை எதையுமே தொடமாட்டார். இத்தனை மதங்கள் ஒரே கூரையின் கீழ் சண்டையின்றி வாழ்ந்ததற்குக் காரணம், யாரும் யாரையும் பார்க்காததுதான்.

அந்தச் சுவரோரமாகத் தணிகாசலம் போய் நின்றார். கையை நீட்டினார். கூச்சத்தில் காது சிவந்தது.

"என்ன டாக்டர், ஃபீஸா?" என்றான் உமர்.

"சாப்பாடு. கோச் சொன்னாங்க."

உமர் தன் பேரீச்சம்பழங்களைப் பார்த்தான். போனைப் பார்த்தான். இரண்டு பழங்களை எடுத்து வைத்தான்.

"இது என் கணக்குல எழுதணுமா, உங்க கணக்குலயா?"

"தெரியலையே உமர். ரொம்ப நன்றி."

அடுத்தது நாச்சியார். அவள் டப்பாவில் அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த அரிசிம்பருப்புச் சாதம் இருந்தது. மேலே நெய் மினுங்கியது.

"அரிசிங்களே," என்றார் தணிகாசலம்.

"அரிசிதானுங். கடிக்காது."

ஒரு கை அள்ளி வைத்தாள். அவர் கையைப் பார்த்தாள். இன்னொரு கை வைத்தாள்.

தணிகாசலம் நின்றபடியே சாப்பிட்டார். மென்றார். நிறுத்தினார்.

"உப்பு இருக்கு."

"உப்பில்லாம எப்படிங் டாக்டர்? இத்தனை நாளா என்னத்தத் தின்னுட்டு இருந்தீங்க?"

தணிகாசலத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. நாச்சியார் சட்டென்று திரும்பி, மிளகாய் கிடந்ததா என்று டப்பாவைக் கிளறினாள்.

"இல்லீங்க," என்றார் அவர். "நல்லா இருக்கு. அதான்."

*

மறுநாள் நாச்சியாரின் டப்பா பெரிதாக இருந்தது. உமர் முட்டையை உரித்தே கொண்டுவந்தான். பாலைத் தொடாதவர் தொட்டுக்கொள்ளத் துவையல் தந்தார். பேசுவதற்காகத் திரும்பியவர்கள், திரும்பியபடியே உட்கார்ந்துவிட்டார்கள். சுவர் தனியாக நின்றது.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. வழக்கமாக விழும் இடத்தில் தணிகாசலம் தள்ளாடினார். விழவில்லை.

உமர் கோச்சிடம் போனான்.

"டாக்டர் பேரே இருக்கட்டும் கோச்."

"ஏன், விழமாட்டாருன்னு தெரியுமா?"

"தெரியாது. விழுந்தா நாங்க விழுந்துட்டுப் போறோம்."

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஜெயிக்கவில்லை. கடைசிக்குச் சற்று முன்னால் வந்தார்கள். ஆனால் மூவரும் நின்றுகொண்டு முடித்தார்கள். நாச்சியார் அழுதாள். உமர் அழவில்லை என்று பின்னால் சொல்லிக்கொண்டான்.

*

மைதானம் காலியானதும் தணிகாசலம் சலோமியிடம் வந்தார்.

"கோச், ஒரே ஒரு கேள்வி. என்னை விழாம நிக்க வெச்சது எதுங்க? அரிசியா? பேரீச்சம்பழமா? உப்பா? தெரிஞ்சா இனிமே சரியா நடந்துக்குவேன்."

"கையில என்ன?"

எவர்சில்வர் தூக்கு. கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார்.

"அரிசிம்பருப்புங்க. நாச்சியார்கிட்டப் பக்குவம் கேட்டு நானே சமைச்சேன். காலையிலயே எல்லாருக்கும் கொடுத்தேன். உங்களுக்குன்னு மீதி வெச்சிருக்கேன்."

மூடியைத் திறந்தார். நெய் வாசனை வந்தது.

"எத்தனை கிராம்?" என்றார் சலோமி.

தணிகாசலம் வாயைத் திறந்தார். எண் எதுவும் வரவில்லை. தூக்குக்குள் எட்டிப் பார்த்தார். அங்கும் இல்லை.

"தெரியலைங்க கோச்," என்றார். சிரிப்பு வந்துவிட்டது. "தெரியவே இல்லைங்க."

சலோமி கையை நீட்டினார்.