வெண்ணெய்க் கல்லைப் பிடித்துக்கொண்ட மாப்பிள்ளை

ஆமைப்பள்ளத்தை வரைபடத்தில் தேட வேண்டாம். வரைபடம் போட வந்த அதிகாரி அந்த ஊர்க்காரர்களிடமே வழி கேட்டுவிட்டதால், ஊர் இன்னும் அதில் ஏறவில்லை. செங்கல்பட்டுக்குக் கிழக்கே எங்கோ இருக்கிறது. அங்கே குடியிருப்பவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அந்த ஊரில் கன்னியப்பன் என்று கல்யாண வயதில் ஒருவன் இருந்தான். நல்ல பையன். சொன்னதைச் சொன்னபடி செய்வான். சிக்கலே அதுதான். போன தை மாதம் ஒரு பெண் வீட்டார் வந்து, "தம்பி கொஞ்சம் எழுந்து நடந்து காட்டட்டுமே" என்றார்கள். கன்னியப்பன் எழுந்து நடந்தான். போதும் என்று சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. செங்கல்பட்டில் ரயில்வே கேட் மூடியிருந்ததால்தான் நின்றான். அந்தச் சம்பந்தம் கேட்டோடு போயிற்று.

இப்போது வேறொரு சம்பந்தம் கூடி வந்திருந்தது. பெண்ணின் பெயர் பூங்காவனம். தீமிதித் திருவிழாவில் அவளைப் பார்த்த நாளிலிருந்து கன்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. டிபன் மட்டும்தான் இறங்கிற்று.

பெண்ணின் அப்பா அய்யாக்கண்ணு கேட்டது ஒன்றே ஒன்று. "மாப்பிள்ளை நாலு இடம் பார்த்தவரா இருக்கணும்." தரகர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பெண் வீட்டார் பூங்காவனத்தையும் அழைத்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. அன்று காலையில்தான் கன்னியப்பன், தான் பார்த்த இடங்களை விரல் விட்டு எண்ணினான். ஆமைப்பள்ளம் ஒன்று. ரயில்வே கேட்டைச் சேர்க்கலாமா என்று யோசித்தான். மூடியிருந்த கேட்டுக்கு அந்தப் பக்கம் எதையும் பார்க்காததால் மனச்சாட்சி இடம் தரவில்லை.

"டேய், எங்கேயாவது போய் நாலு இடத்தைப் பார்த்துட்டு அஞ்சு மணிக்குள்ள வந்து சேருடா. இந்தப் பொண்ணும் கைவிட்டுப் போச்சுன்னா, இனி உனக்குப் பொண்ணு பார்க்க நான் படியிறங்க மாட்டேன்" என்றாள் அவன் அம்மா முனியம்மாள்.

கன்னியப்பன் தன் சிநேகிதர்கள் எத்திராஜையும் தேசிங்கையும் கூட்டி ஆலோசனை நடத்தினான்.

"சென்னைக்குப் போயிடலாம்டா. தலைநகரம். பார்க்கறதுக்கு இடம் கொட்டிக் கிடக்கு" என்றான் தேசிங்கு.

எத்திராஜ் மறுத்தான். மூவரில் அவன்தான் அறிவாளி. செய்தித்தாளை நேராகப் பிடித்துப் படிப்பான். "நமக்கு வேண்டியது நாலு இடம். சென்னையில நாற்பது கண்ணுல படும். மீதியை என்ன செய்யறது? பார்த்ததைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?"

முடியாதுதான் என்று மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

"அதனால, சென்னைக்குப் பக்கத்துல ஒரு பழைய ஊராப் பார்த்துப் போவோம். மாமல்லபுரம். பழைய ஊர்ல ஒரு வசதி இருக்கு. எல்லாரும் ஏற்கெனவே பார்த்து முடிச்சிருப்பாங்க. கூட்டமே இருக்காது."

பஸ் வந்தது. பின்வாசலில் ஏறினார்கள். கண்டக்டர், "படியில நிக்காதீங்க, முன்னாடி போங்க, முன்னாடி போங்க" என்று கத்தினார். முன்னாடி போனார்கள். "இன்னும் போங்கய்யா, அங்கேதான் இடம் நிறைய இருக்கே!" என்றார். இன்னும் போனார்கள். முன்வாசல் வந்தது. பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்றது. இறங்கி, சாலையிலும் கொஞ்ச தூரம் முன்னாடி போனார்கள். அங்கே உண்மையிலேயே இடம் நிறைய இருந்தது. பஸ் அவர்களைத் தாண்டிப் போய்விட்டது.

அடுத்த பஸ்ஸிலும் அதேதான் நடந்தது. இப்படி நிறுத்தத்துக்கு ஒரு பஸ்ஸாக மாறி மாறி, உச்சிவேளையில் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தார்கள். "நேரே வந்திருந்தா ஒரே பஸ்ஸைத்தான் பார்த்திருப்போம்" என்று எத்திராஜ் திருப்திப்பட்டுக்கொண்டான்.

முதலில் ஐந்து ரதங்கள். மூவரும் நிழலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். வெகுநேரம் ஆகியும் ஒன்றும் நகரவில்லை. பக்கத்தில் நின்ற வழிகாட்டியிடம் கன்னியப்பன், "சார், இது எப்ப கிளம்பும்?" என்று பணிவாகக் கேட்டான்.

வழிகாட்டி அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஆயிரத்து முந்நூறு வருஷமா இங்கேயேதாம்பா நிக்குது."

"ஷேர் ஆட்டோ கணக்குத்தான்" என்றான் தேசிங்கு. "ஆள் நிரம்பினாத்தான் எடுப்பாங்க."

அப்போது எத்திராஜ், 'சிற்பங்களைத் தொடாதீர்கள்' என்ற பலகையைப் படித்துவிட்டான். எது எது சிற்பம் என்று விசாரித்தான். "ஒவ்வொரு ரதமும் ஒரே பாறையில செதுக்கினதுப்பா. கீழே நீ நிக்கிறியே, அதுவும் அதே பாறைதான்" என்றார் வழிகாட்டி. மூவரும் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்தார்கள். பிறகு, குற்றத்தைப் பாதியாகக் குறைப்பதற்காக, மூவரும் ஒற்றைக் காலில் நொண்டியபடியே வெளியே வந்தார்கள்.

அடுத்தது கடற்கரைக் கோயில். கடலுக்குள் இன்னும் ஆறு கோயில் மூழ்கிக் கிடப்பதாகச் சொல்வார்கள் என்று யாரோ பேசியது காதில் விழுந்தது. "ஆறும் ஒண்ணும் ஏழு! கணக்கு முடிஞ்சுது, வாங்கடா வீட்டுக்கு!" என்று குதித்தான் தேசிங்கு. கன்னியப்பன் சம்மதிக்கவில்லை. "தண்ணி வடிஞ்சாத்தானே பார்த்ததா ஆகும்? மாமனார்கிட்ட பொய் சொல்ல மாட்டேன்." எப்போது வடியும் என்று சுண்டல் விற்பவரிடம் கேட்டார்கள். அவர் சுண்டல் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாவது, கலங்கரை விளக்கம். பட்டப்பகலில் அது எரியவில்லை. கரண்ட் இல்லை போலிருக்கிறது என்று வருத்தப்பட்டு, விளக்குக் கம்பம் பார்த்ததாக மட்டும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

மணி மூன்று. இன்னும் ஓர் இடம்தான் பாக்கி. அதைப் பார்த்த கையோடு பஸ் ஏறினால் ஐந்துக்குள் வீடு, வீட்டில் பூங்காவனம். கன்னியப்பன் உற்சாகமாக முன்னால் நடந்தான். பாறைச் சரிவின்மேல் வெண்ணெய் உருண்டை என்று சொல்கிறார்களே, அந்தப் பெரிய கல் நின்றது. இதோ உருண்டேன், அதோ உருண்டேன் என்பதுபோல் நின்றது.

அதன் அடியில் ஒருவர் இரண்டு கைகளையும் தூக்கி அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி எதிரே கைபேசியோடு நின்று, "நல்லா பிடிங்க! முகத்துல கஷ்டம் தெரியணும்! விட்டுடாதீங்க, விட்டுடாதீங்க!" என்று கூவினாள். பிறகு, "சரி போதும், வாங்க. பசங்க மாங்கா கேக்கறாங்க" என்றாள்.

அந்த மனிதர் கையை எடுத்துவிட்டு மாங்காய் வாங்கப் போய்விட்டார்.

கன்னியப்பன், "ஐயோ, விட்டுட்டுப் போறாரே!" என்று அலறிக்கொண்டு ஓடினான். கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கைகளாலும் கல்லைத் தாங்கினான். சிநேகிதர்களும் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்து பிடித்தார்கள்.

கல் உருளவில்லை. சரியான நேரத்தில் வந்தோம் என்று மூவரும் பெருமூச்சு விட்டார்கள்.

"பொறுப்பே இல்லாத ஜனங்கடா" என்றான் எத்திராஜ், மூச்சிரைக்க. "முறை போட்டுப் பிடிக்கறாங்க. ஆனா அடுத்த முறைக்காரன் வர்றதுக்குள்ள விட்டுட்டுப் போயிடறாங்க."

"அப்போ அடுத்து வர்றவங்ககிட்ட நாம ஒப்படைச்சிடலாம்" என்றான் கன்னியப்பன்.

புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்தது. கல்லில் கை வைத்தது.

"எவ்வளவு நேரம் பிடிப்பீங்க?" என்று எத்திராஜ் கேட்டான்.

"ஒரு செல்ஃபிதாண்ணா" என்றாள் அந்தப் பெண்.

"ஒரு செல்ஃபின்னா எத்தனை மணி நேரம்?"

அவர்கள் சிரித்துவிட்டு, தேசிங்கு செருப்பை மாட்டுவதற்குள் கையை எடுத்துவிட்டார்கள். மூவரும் மறுபடி பாய வேண்டியதாயிற்று. கன்னியப்பன் கண்ணும் மறுபடி மூடிக்கொண்டது. அதன் பிறகு வந்த யாரையும் அவர்கள் நம்பவில்லை.

காவலாளி வந்தார். மீசை நரைத்தவர். கழுத்தில் விசில் தொங்கியது. "ஏம்பா, போட்டோ எடுத்தாச்சுன்னா நகருங்க. மத்தவங்க எடுக்க வேணாமா?"

"நகர்ந்தா உருண்டுடும் சார்" என்றான் கன்னியப்பன்.

"இத்தனை காலமா உருளாததா இன்னைக்கு உருளப் போகுது?"

"இத்தனை காலமா யாராவது பிடிச்சுக்கிட்டிருந்திருப்பாங்க சார்" என்றான் எத்திராஜ்.

"அட, யானையைக் கட்டி இழுத்தும் அசையலைன்னு சொல்வாங்கய்யா!"

மூவர் முகமும் வெளுத்தது. "யானை இழுத்துச்சா?" என்றான் தேசிங்கு. "அதுலதான்டா லூஸ் ஆயிருக்கு!"

காவலாளி தலையிலடித்துக்கொண்டு நிழலுக்குப் போனார்.

மணி நான்கைத் தாண்டியது. கன்னியப்பன் மனம் இரண்டாகப் பிளந்தது. கையை விட்டால் கல் போகும். விடாவிட்டால் பூங்காவனம் போவாள். "நீ போடா மச்சான், நாங்க ரெண்டு பேர் பிடிச்சுக்கறோம்" என்றான் தேசிங்கு. சொன்ன கையோடு அவனுக்குத் தும்மல் வந்தது. அவன் தும்மிய வேகத்தைக் கேட்ட கன்னியப்பன், "உன்னை நம்பி எப்படிடா விட்டுட்டுப் போவேன்?" என்று கண்ணீர் விட்டான். துடைக்கவும் கை இல்லை.

ஐந்து மணிக்கு அவன் சட்டைப்பையில் கைபேசி அடித்தது. எத்திராஜ் ஒரு கையால் எடுத்து அவன் காதில் வைத்தான்.

"எங்கேடா இருக்கே? பொண்ணு வீட்டுக்காரங்க வந்து உட்கார்ந்தாச்சு!" என்று முனியம்மாள் கத்தியது கல்லுக்கே கேட்டிருக்கும்.

"கல்லைப் பிடிச்சுக்கிட்டிருக்கேம்மா. விட்டா உருண்டுடும்."

அந்தப் பக்கம் ஏதோ சலசலப்பு. பிறகு கனமான ஓர் ஆண் குரல். அய்யாக்கண்ணுதான். "மாப்பிள்ளை, என்ன சைசு கல்லு?"

"தண்ணி டேங்க் அளவு இருக்கும் மாமா."

"சமதரையிலயா, சரிவுலயா?"

"சரிவுல மாமா."

"கீழே என்ன இருக்கு?"

"ரோடு இருக்கு. ஒரு இளநீர்க் கடை இருக்கு."

"விட்டுடாதீங்க மாப்பிள்ளை. வேன் இருக்கு, இதோ வர்றோம்" என்றார்.

பொழுது சாயும் நேரத்தில் வேன் வந்து நின்றது. பட்டுச் சேலைகளும், பூவும், வெற்றிலைப் பாக்குத் தட்டுகளும், முனியம்மாளுமாக எல்லாரும் சரிவில் ஏறி வந்தார்கள். அய்யாக்கண்ணு துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி, கல்லுக்குத் தோள் கொடுத்தார். பிறகுதான் பேச்சை எடுத்தார்.

"நாலு இடம் பார்த்தாச்சா மாப்பிள்ளை?"

எத்திராஜ் கண்ணைச் சிமிட்டி, 'ஆச்சுன்னு சொல்லு' என்று சைகை காட்டினான். கன்னியப்பன் கண்ணைத்தான் மூடியிருந்தானே, அது தெரியவில்லை.

"மூணுதான் மாமா. அதுலயும் ஒண்ணு வெறும் கம்பம். நாலாவதா இந்தக் கல்லைப் பார்க்க வந்தேன். பயத்துல கண்ணை மூடிக்கிட்டுப் பிடிச்சவன்தான், இன்னும் சரியாப் பார்க்கலை."

முனியம்மாள் நெற்றியில் அறைந்துகொண்டாள். போச்சு, இந்தச் சம்பந்தமும் போச்சு.

அய்யாக்கண்ணு நிதானமாகச் சொன்னார்: "இதைப் பார்க்கறதுக்கு ஆயிரம் பேர் வர்றான் சம்பந்தியம்மா. பிடிக்கறதுக்கு எவன் வர்றான்? பொண்ணைக் கொடுத்தா கைவிட மாட்டார்னு தெரிஞ்சு போச்சு. எனக்குச் சம்மதம்."

கன்னியப்பன் கண்ணைத் திறக்கலாமா என்று நினைத்தபோது, பூங்காவனத்தின் குரல் கேட்டது. அவள் இதற்குள் கல்லை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டாள்.

"ஏம்ப்பா, எல்லாரும் இந்தப் பக்கமே நின்னு தள்ளறீங்களே. அது அந்தப் பக்கமா உருண்டா யாரு பிடிக்கறது?"

இத்தனை நேரம் ஒருவருக்கும் இது தோன்றவில்லையே! முனியம்மாள் கண்கலங்கிவிட்டாள். "இப்படி மூளையுள்ள மருமகளைத்தான்டா நான் ஊர் ஊராத் தேடினேன்!"

உடனே பெண் வீட்டார் எல்லாரும் கல்லின் மறுபக்கம் போய் நின்று, இந்தப் பக்கமாகத் தள்ளிப் பிடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் அந்தப் பக்கமாகத் தள்ளிப் பிடித்தார்கள்.

"சம்பந்தி! கல் எங்க பக்கம் நெருக்குற மாதிரி இருக்கே!" என்று கத்தினாள் முனியம்மாள்.

"இங்கேயும் நெருக்குது! நல்ல வேளையா வந்தோம், இன்னும் அழுத்திப் பிடிங்க!" என்றார் அய்யாக்கண்ணு.

அப்படியே நிச்சயதார்த்தமும் நடந்தது. கை காலியாக இருந்தவள் பூங்காவனம் ஒருத்திதான் என்பதால், தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு கல்லைச் சுற்றி வந்து, மாப்பிள்ளை வீட்டுத் தட்டோடு மாற்றிக்கொண்டு போனாள். போகிற போக்கில் கன்னியப்பனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தான்.

விசில் ஊதிக்கொண்டே காவலாளி வந்தார். "கேட் பூட்டற நேரம்! எல்லாரும் கையை எடுங்க!"

"அவங்க முதல்ல எடுக்கட்டும்" என்றது மாப்பிள்ளை வீடு.

"அதெப்படி? நாங்க எடுத்தா கல் எங்க மேலதானே வரும்? பொண்ணையும் கொடுத்து, கல்லையும் வாங்கிக்கணுமா?" என்றது பெண் வீடு.

காவலாளி கெஞ்சினார், மிரட்டினார். கடைசியில் கும்பிட்டார். "சரி சாமிகளா. நீங்க கிளம்புங்க. நானே பிடிச்சுக்கறேன். போதுமா?"

அய்யாக்கண்ணு அவரைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்படைத்தார். "ரெண்டு கையும் வைங்கய்யா. காலை அகட்டி ஊன்றுங்க. விசிலை வாயிலேர்ந்து எடுத்துடுங்க, கவனம் சிதறும்." காவலாளி எல்லாவற்றையும் செய்தார். இரண்டு குடும்பமும் ஒருவர்பின் ஒருவராக, மெதுவாக, மூச்சை அடக்கிக்கொண்டு கைகளை எடுத்தார்கள். வாழ்த்துச் சொல்லி, தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை உரித்து அவர் வாயில் வைத்துவிட்டுச் சரிவில் இறங்கினார்கள்.

வாசலைத் தாண்டியதும் கன்னியப்பன் திரும்பிப் பார்த்தான். காவலாளி ஒரு கையை எடுத்தார். தலையைத் தூக்கிக் கல்லைப் பார்த்தார். திரும்பிக் கீழே ரோட்டைப் பார்த்தார். எடுத்த கையை மெல்ல மறுபடியும் கல்லின் மேலேயே வைத்தார்.

வேன் கிளம்பும்போது அவர் குரல் பின்னாலிருந்து கேட்டது.

"யாராவது ஒருத்தர் வந்து கேட்டைப் பூட்டிட்டுப் போங்கய்யா!"