தாழில்லா வீடு

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது.

க்ளிக்.

பல்லி இல்லை. தொட்டில் கம்பியும் இல்லை; அது கிறீச்சிடும். இது ஒரே ஒரு க்ளிக். தொட்டில் பக்கமிருந்து.

சுகிர்தா குளியலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள். முன்பின் தெரியாத ஒரு பெண் தொட்டிலுக்குள் குனிந்திருந்தாள். கையில் செல்போன்.

“தூங்கும்போதும் அதே அழகு மேடம்,” என்றாள் அந்தப் பெண். “கீழ சாப்பிட்டோம். அப்படியே பாப்பாவையும் பாத்துட்டுப் போலாம்னு ஏறி வந்தேன். உங்க வீட்டுலதான் கதவு தொறந்தே இருக்குமே.”

சுகிர்தா சிரித்தாள். அவளோடு நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள். படி வரை போய் வழியனுப்பினாள்.

பிறகு விடியும்வரை பிள்ளையை மடியை விட்டு இறக்கவில்லை.

*

“சத்தம் என்னன்னு தெரிஞ்சா பயம் போயிரும்னு சொல்லுவாங்க. எனக்குத் தெரிஞ்ச பிறகுதான் பயம் கூடுது. ஏன் அரசி?”

அரசி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“உக்காருங்க மேடம்,” என்றாள்.

சுகிர்தாவைவிட அவள் இளையவள். சுகிர்தா ஜெயித்த அந்த டிவி நிகழ்ச்சியில் ஒலிப்பதிவு அவள்தான். சமைக்கத் தெரிந்தவர்களை ஒரு பங்களாவில் அடைத்துவைத்து, தின்பதும் தூங்குவதும் சண்டை போடுவதும் எல்லாவற்றையும் படம் பிடிக்கும் நிகழ்ச்சி. காதில் ஹெட்போனோடு ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அத்தனை பேர் மூச்சையும் கேட்டுக்கொண்டிருந்தவள், ஒருநாள் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள். இப்போது தேரிக்காட்டுச் செம்மணலில் ஒரு வீடு, இரண்டு ஆடு. மனசு சரியில்லாதவர்கள் பஸ் பிடித்து வந்து அவளிடம் பேசிவிட்டுப் போகிறார்கள். ஏன் வேலையை விட்டாய் என்று கேட்டால், “காது வலிச்சுது” என்பாள். அதற்கு மேல் சொல்லமாட்டாள்.

சுகிர்தாவின் கதை ஊருக்கே தெரியும். வீட்டிலிருந்து மீன் சாப்பாடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். போட்டிக்குப் போனாள், ஜெயித்தாள், தூத்துக்குடியில் ஓட்டல் வைத்தாள். அந்தப் பங்களாவில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. அதுதான் நிகழ்ச்சியின் சட்டம். அந்த ஞாபகத்துக்கு ஓட்டலுக்குத் ‘தாழில்லா வீடு’ என்று பெயர். திறப்பு விழாவன்று கேமராக்களுக்கு முன்னால், கீழே ஓட்டல், மேலே வீடு, எல்லாக் கதவின் தாழ்ப்பாளையும் தன் கையாலேயே கழற்றினாள். யாரும் எப்போதும் அடுப்படிக்கே வரலாம் என்றாள்.

வந்தார்கள். மாடிக்கும் வந்தார்கள்.

அரசி எழுந்துபோய் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள். ஆவி பறந்தது.

“சூப்பு. குடிங்க.”

சுகிர்தா ஒரு வாய் குடித்தாள். கண்ணை மூடினாள். தலையை லேசாகச் சாய்த்தாள். டிவி பார்க்கிற அத்தனை பேரும் செய்துகாட்டுகிற முகம் அது.

“ஆஹா. கீரை வாசம் அப்படியே நிக்குது.”

“கீரை இன்னும் மொறத்துல இருக்கு மேடம். அது வெந்நி.”

சுகிர்தா டம்ளருக்குள் பார்த்தாள். வெந்நீர்தான்.

“பழகிப்போச்சு,” என்றாள் மெதுவாக.

அரசிக்கு அது தெரியும். படப்பிடிப்பில் ருசிக்கிற முகத்தைத்தான் முதலில் எடுப்பார்கள். திரும்பத் திரும்ப எடுத்து முடிப்பதற்குள் தட்டிலிருப்பது ஆறி ஆடை கட்டிவிடும். அதனால் முகம் முந்திக்கொள்ளப் பழகிவிடும். சிஸ்டர் வகுப்புக்குள் காலெடுத்து வைத்ததும் பிள்ளைகள் யோசிக்காமல் எழுந்து நிற்கிற மாதிரி.

“பாப்பா சாப்பிடுதாளா?” என்றாள் அரசி.

அதைச் சுகிர்தா இன்னும் சொல்லவே இல்லை. கண் நிறைந்துவிட்டது.

“இல்ல. கரண்டிய பக்கத்துல கொண்டுபோனா என்னை மாதிரியே கண்ண மூடிக்கிட்டு தலையைச் சாய்க்கா. வாயை மட்டும் தொறக்க மாட்டேங்கா. சுத்தி நிக்கவங்க எல்லாரும் சிரிக்காங்க. வீடியோ எடுக்காங்க. அந்த வீடியோவ ஊரே பாத்துட்டு. டாக்டரம்மா மட்டும் சிரிக்கல. எடையே ஏறலங்காங்க.”

“ம்.”

“ஞாயித்துக்கிழமை சேனல்காரங்க வாராங்க. ரூத் பாப்பாவுக்கு நான் சோறு ஊட்டுதத எடுக்கணுமாம். அடுத்த நிகழ்ச்சிக்கு. அவங்களுக்கு அந்த முகம்தான் வேணும். மாட்டேன்னா அவங்களும் போயிருவாங்க, ஓட்டலுக்கு வார கூட்டமும் போயிரும்னு ஆல்பன் பயப்படுதாங்க.”

ஆல்பன் அவள் கணவன். கல்லாவில் உட்காருபவன்.

அரசி கேட்டாள். “முகம் காட்டி முடிச்ச பிறகு பாப்பா எங்க பாக்கா?”

சுகிர்தா அதைக் கவனித்ததில்லை.

கேமரா எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரியும். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரியும்.

“பாத்துட்டு வந்து சொல்லுங்க,” என்றாள் அரசி. டம்ளரை வாங்கி அந்த வெந்நீரில் கீரையைப் போட்டாள்.

*

மறுபடி வந்தபோது சுகிர்தா உட்காரக்கூட இல்லை.

“கதவைப் பாக்கா.”

“ம்.”

“யாராவது சிரிச்சுக்கிட்டே உள்ள வருவாங்களான்னு பாக்கா. ஆளே இல்லாத நேரத்துலயும் அந்த முகத்தச் செஞ்சிட்டு கதவையே பாத்துக்கிட்டு இருக்கா. நான் எதிர்லதான் இருக்கேன் அரசி. என்னைப் பாக்க மாட்டேங்கா.”

ஆடு ஒன்று சுகிர்தாவின் முந்தானையை மெல்ல ஆரம்பித்தது. அரசி அதை விரட்டினாள்.

“அந்தப் பங்களாவுல உங்க சத்தத்த நாள் முழுக்க காதுல வச்சிருந்தேன்,” என்றாள். “நீங்க சிரிச்சது, அழுதது, கூடப் போட்டியில இருந்த மீசைக்காரர்கிட்ட மல்லுக்கு நின்னது. எல்லாம் கேட்டேன். ஒண்ணே ஒண்ணுதான் நிஜம்னு பட்டுது.”

“எது?”

“கர்ருக்.”

“என்னது?”

“குளியலறை. அங்க மட்டும்தான் கேமரா கிடையாது. மைக்கக் கழட்ட மறந்துட்டுப் போயிட்டீங்க. உப்பு தொட்டு மாங்கா கடிச்சீங்க. ஒரு முழு மாங்கா.”

சுகிர்தாவுக்கு முகம் சிவந்தது. “அடுப்படியில திருடுனது.”

“அந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் இல்ல. வெளியே ஆள் வரிசையில நின்னு கத்திக்கிட்டு இருந்தாங்க. அதுவும் என் காதுல கேட்டுது. யாரும் உள்ள வரலையே. எப்படி?”

சுகிர்தா யோசித்தாள். மணலைப் பார்த்தாள். பனையைப் பார்த்தாள். அவள் கை தானாகப் பின்னால் போய்த் தன் முதுகைத் தொட்டது.

“மாங்கா எப்படி இருந்துச்சு?” என்றாள் அரசி.

சுகிர்தாவின் கண் மூடவில்லை. தலை சாயவில்லை. வாயில் ஊறிய எச்சிலை விழுங்கினாள்.

“புளிச்சுது,” என்றாள்.

“பஸ்ஸு வந்துரும். கிளம்புங்க மேடம்.”

*

அன்று சாயங்காலம் சுகிர்தா பருப்புச் சோற்றைக் குழையப் பிசைந்து எடுத்துக்கொண்டு மாடி அறைக்குள் போனாள். கதவைச் சாத்தினாள். கதவில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தாள். ரூத்தை மடியில், தன்னைப் பார்த்தபடி உட்காரவைத்தாள்.

கரண்டி பக்கத்தில் வந்தது.

ரூத் கண்ணை மூடினாள். தலையைச் சாய்த்தாள். பிறகு கண்ணைத் திறந்து கதவைப் பார்த்தாள்.

கதவு இருந்த இடத்தில் அம்மா முகம் இருந்தது.

ரூத் மறுபடி கண்ணை மூடித் தலையைச் சாய்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

சுகிர்தாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கரண்டியிலிருந்ததைத் தானே தின்றாள். உப்பு போட மறந்திருந்தாள். முகம் கோணிவிட்டது. ஆனாலும் பசி. மத்தியானம் சாப்பிட்ட ஞாபகம் இல்லை. இன்னொரு வாய் எடுத்தாள். மென்றாள்.

ரூத் அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே காலடி. கதவை யாரோ தள்ளினார்கள். முதுகெலும்பில் பலகை முட்டியது.

“மேடம், உள்ள இருக்கீங்களா? மதுரையில இருந்து வந்திருக்கோம்.”

சுகிர்தாவுக்குப் பயமாக இருந்தது. அசையவில்லை. மெல்லுவதை நிறுத்தவும் இல்லை.

ரூத் கையை நீட்டி அம்மாவின் உதட்டைத் தொட்டாள். பிறகு தன் வாயைத் திறந்தாள்.

*

“சாப்பிட்டா அரசி. மறுநாளும் சாப்பிட்டா. துப்புனா, திரும்பச் சாப்பிட்டா.”

“நல்லது.”

“ஆனா முதுகு வலிக்குது.”

அரசி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

“நிஜமாத்தான் சொல்லுதேன். ஆளுங்க தள்ளிக்கிட்டே இருக்காங்க. ஒரு பெரிய மனுஷன் தோளை வச்சுத் தள்ளிப் பாத்தார். நான் எத்தனை நாள் இப்படி முட்டுக்கொடுத்துக்கிட்டு உக்கார முடியும்?”

அரசி சிரித்தாள். அவள் சிரித்து சுகிர்தா அதுவரை பார்த்ததில்லை. உள்ளே போய் ஒரு துண்டுப் பொட்டலத்தோடு வந்தாள். கனமாக இருந்தது.

சுகிர்தா பிரித்தாள். துருப்பிடித்த இரும்புத் தாழ்ப்பாள்.

“பங்களாவுல கழட்டுனதை எல்லாம் ஒரு சாக்குல போட்டு வச்சிருந்தாங்க,” என்றாள் அரசி. “கிளம்பும்போது ஒண்ணை எடுத்துக்கிட்டேன்.”

“எந்தக் கதவோடது?”

“கர்ருக்,” என்றாள் அரசி.

சுகிர்தா தாழ்ப்பாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஆணிகள் இல்லை.

“ஸ்க்ரூ?”

“அது உங்க பாடு மேடம்.”

“ஊரே பாக்கக் கழட்டுனேனே அரசி. ஓட்டல் பேரே அதுதான். இப்ப மாட்டுனா பொய்க்காரின்னு சொல்லமாட்டாங்களா?”

“நீங்க கழட்டும்போது பாப்பா இருந்தாளா?”

“இல்ல. அவ வரப்போறதுகூடத் தெரியாது.”

அரசி ஆட்டை அவிழ்க்கப் போய்விட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆல்பன் ஸ்க்ரூ டிரைவரோடு மாடிக் கதவின் முன்னால் முழங்காலிட்டிருந்தான்.

“நல்லா யோசிச்சியா? பேருக்கு என்ன பதில் சொல்லுவ?”

“பேரு கீழதானே எழுதியிருக்கு. கீழ எல்லாக் கதவும் தொறந்தே கிடக்கட்டும்.”

“சேனல்?”

“முறுக்குங்க.”

அவன் முறுக்கினான். பிறகு எழுந்து தள்ளிப் பார்த்தான். தாழ்ப்பாள் பாதியில் நின்றது.

“கொஞ்சம் கோணலாப் போயிட்டு,” என்றான் ஆல்பன். “கதவைத் தூக்கிப் பிடிச்சாத்தான் விழும்போல.”

அதற்குள் கீழே வண்டி வந்து நின்றது.

டைரக்டர் நேரே மாடிப்படியில் கால் வைத்தார். சுகிர்தா படியின் நடுவில் நின்றாள். இடுப்பில் ரூத்.

“கீழ எடுங்க சார்.”

“கீழ என்னம்மா இருக்கு?”

“சோறு.”

“எங்களுக்குப் பாப்பாதானே வேணும்.”

“பாப்பா அவ வேலையப் பாத்துக்கிட்டு இருக்கா சார். சாப்பிடப் பழகுதா.”

டைரக்டர் ஆல்பனைப் பார்த்தார். கல்லாவுக்கு இறங்கி வந்திருந்த ஆல்பன், மேசைமேல் இல்லாத ஒரு தூசியைத் துடைத்தான். வந்ததற்கு எதையாவது எடுக்க வேண்டுமே என்று டைரக்டர் கேமராவை அடுப்படிக்குள் வைக்கச் சொன்னார். “குழம்பை ருசி பாருங்க. முகத்தை முதல்ல குடுத்துருங்க.”

ரூத்தை ஆல்பனிடம் கொடுத்துவிட்டு சுகிர்தா கரண்டியை எடுத்தாள். வாயில் வைத்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள். அந்த முகம் வரவில்லை. நெற்றி மட்டும் சுருங்கியது.

“புளி கூடிட்டு,” என்றாள்.

கேமராவை மறந்து அடுப்பு பக்கம் திரும்பினாள். தேங்காய்ப்பால் ஊற்றினாள், கொதிக்கவிட்டாள், மறுபடி ருசி பார்த்தாள். அதற்கு நேரம் ஆயிற்று. டைரக்டர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அடுப்படி வாசலை ஒட்டிய மேசையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா, “இப்ப சரியாயிட்டா தாயி? அப்ப எனக்கு அதுலேர்ந்து ஊத்து,” என்று இலையை நகர்த்தினாள். பக்கத்து மேசையும் கேட்டது.

கிளம்பும்போது டைரக்டர், “பாக்கலாம்மா. ஆபீஸ்ல பேசிட்டு ஃபோன் பண்றோம்,” என்றார்.

அந்தக் குரலைச் சுகிர்தாவுக்குத் தெரியும். ஃபோன் வராத குரல். ஆனால் கூடத்தில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் செல்போனை வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

*

இருட்டியது.

மாடி அறையில் சுகிர்தா ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து ரூத்துக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். உப்பு போட்டிருந்தாள். கதவை வெறுமனே சாத்தியிருந்தாள்; தாழ்ப்பாளைத் தள்ள இன்னும் மனம் வரவில்லை. இரண்டு வாய் உள்ளே போயிருந்தது.

படியில் செருப்புச் சத்தம்.

மூன்றாவது கரண்டி பாதி வழியில் நின்றது. ரூத் கண்ணை மூடினாள். தலையைச் சாய்த்தாள். கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

கதவு ஒரு விரல்கடை திறந்தது.

“மேடம், ஒரே ஒரு ஃபோட்டோ. பாப்பாவோட.”

சுகிர்தாவின் உதடு சிரிக்கக் கிளம்பியது. அவள் அதைப் பாதியில் விட்டாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கதவுக்குப் போனாள்.

“காலையில வாங்கம்மா,” என்றாள். “கீழதான் இருப்பேன். நானே பரிமாறுதேன்.”

சாத்தினாள். தாழ்ப்பாளைத் தள்ளினாள். அது பாதியில் நின்றது. காலை வைத்துக் கதவின் அடியை லேசாகத் தூக்கி, மறுபடி தள்ளினாள்.

டக்.