மாமனார் வந்த மண்டபம்

முன்னொரு காலத்தில், மாமனாருக்கு அஞ்சாத மருமகன் அரண்மனையில்கூடக் கிடையாது என்றிருந்த காலத்தில், ஓர் அரசர் இருந்தார். எதிரிப் படை எல்லைக்கு வந்தாலும் வாயிலிருக்கும் வெற்றிலையை மென்று முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஆனால் ஆவணி பிறந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஆவணியில்தான் மாமனார் விருந்துக்கு வருவார்.

மாமனாரும் ஓர் அரசர்தான். ஐந்து நாள் பயணம். வழியில் கூடாரம் அடித்துத் தங்க வேண்டுமென்பதால் கட்டில், மெத்தை, கம்பளம், கண்ணாடி என்று ஆறு வண்டிச் சாமான்களோடு வருவார். வந்ததும் வண்டிகள் கொட்டகைக்குப் போகும். அவர் விருந்தினர் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து ஒரு குறை சொல்வார். ஒரு வருஷம் கட்டில் கிறீச்சிட்டது. ஒரு வருஷம் திரைச்சீலையின் நிறம் கண்ணை உறுத்தியது. போன வருஷம் கண்ணாடி அவரைக் கிழவராகக் காட்டியது. அது கண்ணாடியின் குற்றமே என்று சபை ஏகமனதாக ஒப்புக்கொண்டது.

அவர் குறை சொன்ன மண்டபத்துச் சாமான்களை அரண்மனையில் வைத்துக்கொள்ளும் வழக்கமில்லை. அலங்கார அதிகாரி மருதவாணர் அத்தனையையும் கழித்துவிட்டு அடுத்த ஆவணிக்குப் புதிதாக வாங்குவார். கழித்தவை எங்கே போயின என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

அந்த வருஷம் மழை இல்லாமல் கஜானா இளைத்துப் போயிருந்தது. மருதவாணர் நீட்டிய பட்டியல் மட்டும் இளைக்கவில்லை. அரசர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். சபையில் விகடகவியாக இருந்த விடங்கன் அப்போது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அது அவனுக்குப் பிறவியிலேயே வராது. ஒரு காசும் செலவழிக்காமல் அந்த மண்டபத்தை அலங்கரிக்கலாம் என்று சொல்லிவிட்டான்.

மருதவாணருக்கு இதைவிட நல்ல நாள் ஏது? அவர் வீட்டில் இடம் போதவில்லை. அடுத்த வீடு விடங்கனுடையது. அதன்மேல் அவருக்கு வெகுநாளாகவே ஒரு கண்.

"அரசே, விகடகவியாரே செய்து காட்டட்டும். புதிதாக எதுவும் வாங்கக் கூடாது. யாரிடமும் இரவல் கேட்கக் கூடாது. அரண்மனைப் பொருள்களையும் தொடக் கூடாது. தங்கள் மாமனார் ஒரு குறை சொன்னாலும் இவர் வீடு எனக்குச் சொந்தம்."

குறை சொல்லாவிட்டால் என்று அரசர் கேட்டார். தன் வீட்டிலுள்ள சாமான் அத்தனையும் விடங்கனுக்கே என்றார் மருதவாணர். நடக்கப் போகிற காரியமா என்ற தைரியம். அரசரும் சம்மதித்துவிட்டார்.

விடங்கன் வீட்டுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னான். இரண்டே அறை கொண்ட வீடு. அவன் மனைவி செங்கமலத்தின் அப்பா தன் கையால் சுவரெழுப்பிக் கொடுத்தது. அதைப் பேச்சுக்குப் பணயம் வைத்தோமே என்று அவனுக்கு நெஞ்சு வலித்தது. செங்கமலம் விடவில்லை.

"எங்கப்பா கட்டிக் குடுத்த வீட்டப் பந்தயத்துல வச்சிட்டு வந்து நிக்கிறீங்களா? அவரும் உங்களுக்கு மாமனார்தானே. தலகாணியக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வருவாரு, அதுலயே தூங்குவாரு. இதுவரைக்கும் ஒரு கொறை சொல்லியிருப்பாரா?"

விடங்கன் நிமிர்ந்தான். அப்புறம் சோறு போடச் சொல்லி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாள் மண்டபத்தில் கழிக்காமல் மிச்சமிருந்த அலமாரிகளை அரண்மனை ஆட்களையே வெளியே எடுத்துப் போகச் செய்தான். தரையைக் கழுவி, அவை அடைத்துக்கொண்டிருந்த ஜன்னல்களைத் திறந்துவிட்டான். குளத்துக் காற்று உள்ளே வந்தது. அதற்குமேல் அவன் எதுவும் செய்யவில்லை. மருதவாணர் தினமும் வந்து எட்டிப் பார்த்தார். வெறுந்தரையைக் கண்டு மகிழ்ந்து, வீடு திரும்பியதும் ஒரு கயிற்றை எடுத்து விடங்கன் வீட்டுச் சுவரை அளந்தார்.

மாமனார் வந்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாப்பிட்டு முடிக்க அவருக்கு அரைநாள் ஆகும். அதற்குள் விடங்கன் ஆறு வண்டிகளையும் மண்டப வாசலுக்கு ஓட்டச் சொன்னான். மாமனாரோடு வந்திருந்த அரசரின் மாமியார் பெரியராணியிடம் போய், சாமான்களை எங்கெங்கே இறக்குவது என்று பணிவாகக் கேட்டான். இத்தனை வருஷத்தில் அந்த அம்மாளை யாரும் எதுவும் கேட்டதில்லை. கட்டில் அங்கே, கம்பளம் இங்கே என்று நின்று சொல்லிப் போடவைத்தார்.

மாலையில் மாமனார் உள்ளே நுழைந்தார். பின்னால் அரசர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தக் கட்டில்..." என்று தொடங்கிய மாமனார், அது தன் கட்டில் என்று கண்டு நிறுத்திக்கொண்டார். பார்வையைக் கீழே இறக்கினார். "இந்தக் கம்பளம்..."

"நான் தேர்ந்தெடுத்தது. அதற்கு என்ன?" என்றார் பெரியராணி.

"ஒன்றுமில்லை. மிக நேர்த்தியாக இருக்கிறது."

போய்ப் படுத்தவர் மறுநாள் காலையில்தான் எழுந்தார். எழுந்ததும், மருமகன் வீட்டில் இன்றுதான் நன்றாகத் தூங்கினேன் என்று சபையறியச் சொன்னார். அவர் சபையை விட்டுப் போனதும் மருதவாணர் எழுந்து, அத்தனையும் இரவல், பந்தயம் செல்லாது என்றார்.

"பிறர் பொருளை நாம் பயன்படுத்தினால்தான் இரவல். இங்கே உரியவர் பொருளை உரியவரே பயன்படுத்துகிறார். எங்கே இறக்குவது என்பதைத் தவிர நான் எதுவும் கேட்கவில்லை, ஐயா" என்றான் விடங்கன்.

அரசரும் அதை ஒப்புக்கொள்ள, பந்தயப்படி மருதவாணர் வீட்டுச் சாமான்கள் அரண்மனை முற்றத்துக்கு வந்து இறங்கின. கிறீச்சிடும் கட்டில் வந்தது. கண்ணை உறுத்திய திரைச்சீலை வந்தது. கிழவராகக் காட்டிய கண்ணாடியும் வந்தது. அரசர் ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டிருக்க, மருதவாணர் தரையில் எதையோ தொலைத்தவராகக் குனிந்து நின்றார். அந்த நேரம் பார்த்து மாமனார் அங்கே வந்து திரைச்சீலையைத் தடவினார்.

"மருமகனே, இது அழகாக இருக்கிறதே. இதை ஏன் எனக்கு ஒரு வருஷமும் போடவில்லை?"

அரசர் சிரிக்க ஆரம்பித்தவர் தூணைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். விடங்கனுக்குப் பட்டும் பொற்கிழியும் கொடுத்து, சாமான்களை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அவற்றை வீட்டுக்குள் வைத்தால் நானும் செங்கமலமும் வெளியேதான் படுக்க வேண்டும் என்று சொல்லி, அத்தனையையும் அவன் அரண்மனைக்கே விட்டுக்கொடுத்தான். மாற்றி மாற்றிப் போட்டாலே பல ஆவணி தாங்கும்.

வீடு காலியானதில் மருதவாணருக்கு இடம் தாராளமாகிவிட்டது. அதற்கப்புறம் அவர் விடங்கன் வீட்டுச் சுவரை அளக்க வரவேயில்லை.