ஷூவைக் கழற்றிய துரை

கென்யாவில் கிசுமு என்றொரு ஏரிக்கரை நகரம். அங்கே மீன் பொரிக்கும் கடையொன்றில் வேலை பார்க்கிறவள் அகேயோ. ஒரு மத்தியானம், கடையில் உட்கார இடமில்லாத கூட்டம். கேமராக்காரரோடு வந்து இறங்கினார் லண்டன் டிவி நிருபர் ஹார்க்ரோவ் துரை.

கூட்டத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது. அகேயோவைக் கூப்பிட்டார்.

"இந்தச் சிரிப்பும் சாப்பாடும் எனக்கெதற்கு? ஆப்பிரிக்கா என்றால் பசி. செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் உட்கார்ந்து கையேந்து."

"மாட்டேன் என்றால்?"

"இன்னொருத்தி உட்காருவாள். நான் காட்டுவதைத்தான் உலகம் நம்பும்."

அகேயோ சட்டியை இறக்கி வைத்தாள். "எனக்குப் பழக்கமில்லை ஐயா. ஒரு தடவை நீங்களே செய்து காட்டுங்களேன்."

சொல்லிக்கொடுப்பதென்றால் துரைக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. ஷூவைக் கழற்றி, மண்ணில் சப்பணமிட்டு, கன்னத்தை உள்ளிழுத்துக் கையேந்தினார். கண்ணீர்கூட வந்தது.

அகேயோ தன் போனில் படம் பிடித்தபடியே பேசினாள். "நேயர்களே, இதுதான் ஐரோப்பா. அங்கே செருப்பில்லை, சோறில்லை. பாவம், ஒரு துண்டு மீனுக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள்."

கடையே சிரித்தது. துரை துள்ளி எழுந்தார். "அயோக்கியத்தனம்! ஒரே ஆளை நடிக்கவைத்து, ஒரு கண்டமே இப்படித்தான் என்று காட்டுவதா? அழி அதை!"

"அழிக்கிறேன். இப்போது சொன்னதை அப்படியே உங்கள் கேமராவைப் பார்த்துச் சொல்லுங்கள்."

துரை ஷூவை எடுக்கக் குனிந்தார்.

"சொல்லிவிட்டுப் போட்டுக்கொள்ளலாம்," என்றாள் அகேயோ.