துலாத்தட்டில் ஏறிய ராசா

ரொம்பக் காலத்துக்கு முன்னால் குன்றைநாட்டைக் கனகவேழன் என்றொரு ராசா ஆண்டான். நினைத்த மாத்திரத்தில் கட்டளை போடுகிற ஆள். ஒருநாள் தேர்வீதியில் காக்கை ஒன்று அவன் கிரீடத்தில் எச்சமிட்டுவிட்டது. நேரே சபைக்கு வந்து கத்தினான்:

"ஊரிலிருக்கிற மரம் அத்தனையையும் வெட்டுங்கள்!"

தெருத் தெருவாகப் புங்கன் நட்டு வளர்த்த மந்திரி ஆதனார் முன்னால் வந்தார்.

"மன்னா, மரத்தால் கெடுதலைவிட நல்லதுதானே அதிகம்?"

"எடை போட்டே பார்ப்போமே!" என்று எழுந்தார் விடங்கர். மந்திரி பதவிமேல் கண் வைத்திருந்த அரசவைக்காரர். "துலாபாரத் தராசு சும்மாதானே தொங்குகிறது? கெடுதலை நான் வைக்கிறேன். நல்லதை அவர் வைக்கட்டும்!"

ராசாவுக்குக் குஷி. "கெடுதல் கனத்தால் மரமும் போகும், மந்திரி, உம் பதவியும் போகும்!"

"உச்சிப்பொழுதில் நிறுக்கலாம் மன்னா," என்றார் ஆதனார்.

தராசு இருந்தது அரண்மனை முற்றத்தில். அங்கிருந்த மரங்களை விடங்கர் போன மாதமே வெட்டித் தள்ளியிருந்தார். வெறும் கருங்கல் தளம். தராசுக்கு முன்னால் ராசாவானாலும் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும். அது அந்நாட்டு வழக்கம்.

உச்சி வெயிலில் விடங்கர் தம் தட்டில் அடுக்கினார். கூடை கூடையாகச் சருகு. காக்கைக்கூடு. பிளந்த செங்கல் நாலு. "வேர் புகுந்து இடித்த சுவர் மன்னா! நெசவுக்காரி குப்பாயி வீடு!"

"அது மெய்தான்," என்று ஆதனார் ஒப்புக்கொண்டார். சபைக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உம் தட்டு காலியா இருக்கே ஐயா?" விடங்கர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றபடி இளித்தார்.

"பொறும். வந்துகொண்டிருக்கிறது."

"எது வருகிறது? ஐயோ, அம்மா!" அலறியது ராசா. கல் கொதித்தது. ஒரு சாண் நிழல் இல்லை. ஒரே தாவு! காலியாகக் கிடந்த பலகைத் தட்டில் ஏறிக் குந்திக்கொண்டான். எதிர்த்தட்டு விசுக்கென்று மேலே போக, சருகெல்லாம் விடங்கர் தலையில் கொட்டியது.

ராசா தெருப் புங்கன் நிழலுக்கு ஓடுவான் என்றுதான் ஆதனார் நினைத்திருந்தார். இதை அவரே எதிர்பார்க்கவில்லை!

"மன்னா, அது நல்லதுக்கான தட்டு!" என்று கதறினார் விடங்கர்.

"நிழலுக்கு என்ன எடை என்று மன்னரே காட்டிவிட்டார்," என்றார் ஆதனார்.

ராசா சுட்ட பாதத்தைத் தடவிக்கொண்டான். "இந்தச் சூட்டிலா என் சனங்களை நடக்கவிடப் பார்த்தேன்? ஒரு மரத்தைத் தொடக் கூடாது! மந்திரி, குப்பாயி சுவரை நாளைக்கே கட்டிக்கொடும். இனிமேல் சுவரைவிட்டுத் தள்ளி நடும். விடங்கரே, இந்த முற்றத்தில் நிழல் விழுகிறவரைக்கும் உமக்கு ஆசனம் இந்தக் கல்லில்தான்!"

விடங்கர் தலைச்சருகைக்கூடத் தட்டாமல் மண்வெட்டி தேடி ஓடினார்.