உடைமரம் ஓரடி நகர்ந்தது

அந்தக் காலத்தில் மரங்கள் பேசும், நடக்கவும் செய்யும். தன் நிழலையும் கூட்டிக்கொண்டு வேண்டிய இடத்துக்குப் போகும். அதிலும் இந்த உடைமரம் இருக்கிறதே, யார் கூப்பிட்டாலும் பின்னாலேயே போய்விடும். மாட்டேன் என்று சொல்ல வாய் வராத ஜென்மம். அதனால் வந்த வினையைத்தான் சொல்லப்போகிறேன்.

கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஒரு தேரி இருந்தது. தேரி என்றால் செம்மணல் மேடு. ஆடிக் காற்று வீசினால் அந்த மணல் ஓர் இடத்தில் கிடக்காது. இன்றைக்கு மேடு, நாளைக்குப் பள்ளம். அங்கேதான் முப்பிடாதி என்கிற பெண் தன் நாற்பது நாள் பிள்ளையைப் புதைத்திருந்தாள். அடையாளத்துக்கு ஒரு கல்லை நட்டாள். பத்தே நாளில் கல்லை மணல் மூடிவிட்டது. தோண்டிக் கண்டுபிடிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. இனி ஒருமுறை மூடினால் பிள்ளை கிடக்கிற இடமே இல்லாமல் போய்விடும் என்று பயந்து, அந்த இடத்தில் ஒரு வேப்பங்கன்றை நட்டாள்.

பெரிய மரங்கள்தான் நடக்கும், கன்று நடக்காது. அது வேர் பிடித்து மணலுக்கு மேலே தலை தூக்க மூன்று வருஷமாவது வேண்டும். முப்பிடாதி விடிந்ததும் ஊற்றுக்குப் போவாள், ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவாள், இலையைத் துடைப்பாள். கன்று முழங்கால் உயரம் வந்து புதுத் துளிர் விட்டிருந்தது.

அப்போதுதான் தங்கச்சிக்கு வலி கண்டிருக்கிறது என்று ஆள் வந்தது. முப்பிடாதி உடைமரத்திடம் ஓடினாள்.

"ஏ உடையே, தங்கச்சிக்குப் பிள்ளை வலி கண்டிருக்கு. ஆத்தா இல்லாதவ அவ. நான் போகாட்டி அவளுக்கு யாருமில்ல. எட்டே நாள். என் கன்னைப் பாத்துக்கிடுவியா?"

"போயிட்டு வா தாயி. நான் இங்கனயே நிக்கேன்."

"ஓரடி நகந்திராத. வேம்புன்னு நினைக்காத, என் பிள்ளைன்னு நினை."

"இதை நீ சொல்லணுமா தாயி?" என்றது உடைமரம்.

சொன்னபடியே ஆறு நாள் நின்றது. வெயிலுக்குக் குடை பிடித்தது, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டது. ஏழாம் நாள் உச்சிப்பொழுதில் ஒரு வெள்ளாடு அலறிக்கொண்டு வந்தது.

"அண்ணே, என் குட்டி விழுந்து கிடக்கு. வாயில நுரை தள்ளுது. அங்க ஒரு பொட்டு நிழல் கிடையாது. வாங்கண்ணே!"

"குட்டியை இங்க தூக்கிட்டு வா."

"தூக்க எனக்கென்ன கையா இருக்கு?" என்று ஆடு அழுதது.

உடைமரம் கன்றைப் பார்த்தது. ஆட்டைப் பார்த்தது. கொஞ்ச நேரந்தானே என்று நினைத்து நகர்ந்துவிட்டது. பாவி மரம், நகர்ந்தே விட்டது!

நிழல் விழுந்ததும் குட்டி கண் திறந்தது. ஆனால் ஆட்டின் மடியில் பால் இல்லை. நாலு இலை கடித்தால் பால் சுரக்கும் என்று, குட்டியை நிழலில் விட்டுவிட்டு அது மேயப் போனது. அந்த வறண்ட தேரியில் அதன் கண்ணில் பட்ட பச்சை ஒன்றே ஒன்றுதான். துளிரைத் தின்றது, இலையைத் தின்றது, தண்டையும் கடித்தது. ஆட்டைத் திட்டி என்ன செய்ய? அதுவும் பெத்தவள்தானே. திரும்பி வந்து குட்டிக்குப் பால் கொடுத்தது.

அதற்குள் காற்று கிளம்பிவிட்டது. உடைமரம் திரும்பி வந்தபோது எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே செம்மணல். கன்று நின்ற இடம் எது, தான் நின்ற இடம் எது, ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் முப்பிடாதி வந்தாள். தங்கச்சிக்குச் சுகப்பிரசவம் என்று சொல்ல வாயெடுத்தவள், மணலைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"எங்க?" என்றாள்.

"இந்தாக்குல தாயி... இல்ல, அந்தப் பக்கமோ என்னமோ..."

இரண்டு கையாலும் தோண்டினாள். அங்கே தோண்டினாள், இங்கே தோண்டினாள். நகம் பெயர்ந்ததுதான் மிச்சம். நடந்ததை உடைமரம் அழுதுகொண்டே ஒன்றுவிடாமல் சொன்னது.

"குட்டி பிழைச்சிட்டா?" என்று கேட்டாள்.

"பிழைச்சிட்டு தாயி."

"அது போதும்னு சொல்ல எனக்கு மனசு வரமாட்டேங்கு" என்றாள் முப்பிடாதி. வேறு ஒரு சாபமும் விடவில்லை. விட்டிருந்தால்கூட உடைமரத்துக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வேதனை தாங்காமல் அது நின்ற இடத்திலேயே காலை மண்ணுக்குள் ஆழப் புதைத்துக்கொண்டது. இனி எவரும் தன்னை வந்து கட்டிக்கொண்டு கெஞ்சக்கூடாது என்று நினைத்ததும், வழவழவென்று இருந்த கிளைகளில் வெள்ளை வெள்ளையாய் முள் வெடித்து வந்தது. அதைப் பார்த்து மற்ற மரங்களும் ஒவ்வொன்றாக நடையை விட்டன.

முப்பிடாதி இன்னொரு கன்று கொண்டுவந்தாள். எங்கே நட? இடம் தெரியாதே. இங்கே இருக்கலாம் என்று ஒன்று நட்டாள், அங்கே இருக்கலாம் என்று இன்னொன்று நட்டாள். தேரி முழுக்க நட்டாள்.

"என்னை வெட்டிக்கோ தாயி," என்றது உடைமரம். "வெட்டி, ஒவ்வொரு கன்னைச் சுத்தியும் வை. செத்த கிளை எங்கயும் நகராது." அதுதான் அது கடைசியாகப் பேசிய பேச்சு.

அவள் வெட்டி வைத்தாள். வேம்புகள் எல்லாம் வளர்ந்து தோப்பாயின. எந்த வேம்பின் அடியில் தன் பிள்ளை கிடக்கிறது என்று மட்டும் சாகும்வரை அவளுக்குத் தெரியவில்லை.

அன்று பிடித்துத்தான் உடைமரத்துக்கு முள். அன்று பிடித்துத்தான் யார் கன்று நட்டாலும், தண்ணீர் ஊற்றிய கையோடு அதைச் சுற்றி உடைமுள்ளை வெட்டி வைக்கிறார்கள்.